பாதியில் நின்ற கூடுகள்

மதுராந்தகத்துக்குத் தெற்கே, ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஒரு சிற்றூரில், தூர்ந்துகொண்டிருக்கும் பாசனக் கிணறு ஒன்றின்மேல் சாய்ந்து நிற்கும் பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுகின்றன. ஆவணி மாதத்தில் அந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுபவை, குடுவையும் நீண்ட குழலுமாகத் தொங்கும் முழுக் கூடுகள். எல்லோரும் படம் எடுப்பது அவற்றைத்தான். சற்று நேரம் நின்றால் வேறொன்றும் புலப்படும். அதே ஓலைகளில், குழல் இல்லாமல், அடிப்பக்கம் திறந்து, நடுவே ஒரு குறுக்குப் பட்டையுடன், தலைக்கவசத்தைத் தொங்கவிட்டது போன்ற கூடுகளும் இருக்கின்றன. சில நாட்களில் பச்சை போய்ப் பழுப்பேறி, எந்தக் குருவியும் தேடி வராமல் அவை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். இவ்வளவு நுட்பமாக நெய்யத் தெரிந்த பறவை ஏன் இத்தனை கூடுகளைப் பாதியில் விட்டுவிடுகிறது?

இதற்கு ஊரில் ஒரு பதில் உண்டு. பெண் குருவி முழுக் கூட்டில் முட்டைமேல் உட்கார்ந்திருக்க, ஆண் குருவி ஆடிக் களிப்பதற்காகக் கட்டிக்கொண்ட ஊஞ்சல் அது என்பார்கள். ஆண் குருவி அந்தக் குறுக்குப் பட்டையில் தொற்றிக்கொண்டு சிறகை அடித்துக் கத்துவதை யாரும் நேரில் பார்க்கலாம் என்பதால், அந்தப் பதிலை வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்களும் பாதிக் கூடு ஆண் தன் வசதிக்காகக் கட்டிக்கொள்வது என்ற பேச்சைப் பதிவு செய்திருக்கிறார்கள். கண்ணால் கண்டது சரியாகவும், அதிலிருந்து சொன்ன காரணம் தவறாகவும் இருப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சரியான காரணம் 1930-ஆம் ஆண்டில் வேலை இழந்த ஒருவரால் கிடைத்தது. பம்பாயில் அருங்காட்சியகம் ஒன்றில் வழிகாட்டி விரிவுரையாளராக இருந்த சாலிம் அலி, விடுப்பில் பெர்லினுக்குச் சென்று எர்வின் ஸ்ட்ரெசெமான் என்ற பறவையியலாளரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது, நிதி இல்லை என்று அந்தப் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பதவியும் அவருக்குக் கிடைத்ததில்லை. செலவைக் குறைப்பதற்காக, பம்பாயிலிருந்து கடலைக் கடந்து போகவேண்டிய கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் இருந்த குடும்ப வீட்டில் அவரும் அவர் மனைவியும் தங்கினார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பு ஒன்று இருந்தது. மழைக்கால மாதங்கள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்து எழுதிய கட்டுரை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1931-இல் வெளிவந்தது.

அவர் கண்டது இதுதான். ஆண்கள் கூட்டமாக ஒரே மரத்தில் வேலையைத் தொடங்கி, ஒவ்வொன்றும் தன் கூட்டைத் தலைக்கவச நிலைவரை கொண்டுவந்து நிறுத்துகின்றன. அந்த நிலையில் பெண்கள் வந்து கூடு கூடாகப் போய்ப் பார்வையிடுகின்றன. ஒரு பெண் ஒரு கூட்டை ஏற்றுக்கொண்டு உள்ளே குடியேறிய பிறகே அந்த ஆண் முட்டையறையை மூடி, குழலை இழுத்து, வேலையை முடிக்கிறது. முடித்த கையோடு, அந்தப் பெண் அடைகாத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் வேறொரு கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணை எதிர்பார்க்கிறது. ஊஞ்சல் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது, பெண் வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போன வீடு. பட்டையில் தொங்கிக்கொண்டு சிறகடிப்பது களிப்பும் அல்ல. வருகிற பெண்ணை அழைப்பது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு நுண்ணோக்கியோ ஆய்வுக்கூடமோ தேவைப்படவில்லை. ஒரே மரத்தை நாள்தோறும் பார்ப்பதும், எந்தக் கூடு எந்த நிலையில் இருக்கிறது என்று தனித்தனியே குறித்துவைப்பதும், பெண் ஏற்ற கூட்டை மட்டுமன்றி ஏற்காத கூட்டையும் எழுதிவைப்பதும் போதுமாக இருந்தன. இயற்கையை ஆர்வத்தால் கவனிக்கும் சாதாரண மனிதருடைய வேலையின் சாரம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. அரிய உயிரினத்தைத் தேடி மலையேறுவது மகிழ்ச்சியான காரியம்தான். ஆனால் எல்லோரும் பார்க்கும் ஒன்றை, யாரும் நிற்காத அளவுக்கு நின்று பார்த்து, இருந்ததையும் இல்லாததையும் தேதியோடு எழுதிவைப்பதில்தான் ஆர்வலருக்கு விஞ்ஞானிகளைவிடக் கூடுதலான வசதி இருக்கிறது. ஆய்வாளருக்குத் திட்டக்காலம் முடிந்துவிடும். மதுராந்தகத்துப் பனைமரத்துக்கு 3 ஆண்டு நிதி கேட்டு யாரும் விண்ணப்பிக்கப் போவதில்லை.

இந்தியாவில் இயற்கை வரலாறு என்ற துறையே பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களால் வளர்ந்தது. பம்பாய்க் கழகத்தை 1883-இல் தொடங்கிய 8 பேரில் மருத்துவர் இருந்தார், அரசு அலுவலர் இருந்தார். சம்பளத்துக்காகப் பறவை பார்ப்பவர் என்று யாரும் இல்லை. சில மாதங்களுக்குப் பின் கழகத்தின் சேகரிப்புகளுக்கு இடம் கொடுத்தவர் ஒரு மது வணிகர். தன் கடை இருந்த கட்டடத்திலேயே அறை ஒதுக்கித் தந்தார். தமிழ்நாட்டில் இதே வழியில் நினைக்கவேண்டியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் சட்டம் படித்தவர். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை கல்கத்தாவின் ஆங்கில நாளிதழ் ஒன்றில் இடைவிடாமல் இயற்கைப் பத்தி எழுதினார். யானையையும் காட்டெருமையையும் அவர் எழுதியதைப்போலவே, வீட்டுக் கூரைமேல் உட்காரும் காக்கையையும் வேலியோரத்து ஓணானையும் அதே அக்கறையோடு எழுதினார் என்பதுதான் அவருடைய தனித்தன்மை. தமிழிலும் எழுதினார், பறவைகளுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கும்போது புதிதாகப் பெயர் கட்டுவது தேவையற்ற வேலை என்று நினைப்பவர்கள் அவருடைய தமிழைப் படித்துப் பார்க்கவேண்டும்.

பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். ஊர்ப்பெயர்களிலேயே பழைய கவனிப்புகள் படிந்திருக்கின்றன. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனம் பெருக்கிவிட்டுப் பனிக்காலத்தில் தெற்கே வரும் ஒரு சிறிய வண்ணப் பறவைக்குத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆறுமணிக்குருவி என்று பெயர். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டி அது கத்துவதே காரணம். புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும் அதைக் கண்ணால் பார்ப்பது கடினம். காதால் நேரத்தைக் குறித்தவர் யாரோ அந்தப் பெயரை வைத்திருக்கிறார். சோழமண்டலக் கரையில் முட்டையிட வரும் சிறிய கடலாமைக்கு மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. முட்டையிடும் பருவத்தை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆளைக் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும் ஆள்காட்டிக்கு அந்தப் பெயரைவிடப் பொருத்தமான விளக்கத்தைப் பறவைக் கையேடுகள் தருவதில்லை. ஆர்வலர் ஒருவர் புதிதாக ஓரிடத்தில் கவனிக்கத் தொடங்கும்போது, ஆடு மேய்ப்பவரிடமும் வலை இழுப்பவரிடமும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதை முதல் வேலையாக வைத்துக்கொண்டால், பல ஆண்டுக் கவனிப்பு இலவசமாகக் கையில் கிடைக்கும்.

ஆனால் கிடைப்பதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. தூக்கணாங்குருவிக் கூட்டுக்குள் களிமண் உருண்டை ஒட்டியிருக்கும். அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து இரவில் விளக்காக வைத்துக்கொள்கிறது குருவி என்ற கதையைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் குறைவு. எனக்கு அதைச் சொன்னவர் என் பாட்டி. சொன்னபோது அவர் முகத்தில் இருந்த உறுதியை நினைத்தால் இன்றும் மறுக்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கதையின் பாதி உண்மை. காற்றில் விழுந்த பாதிக் கூடு ஒன்றை எடுத்துப் பார்த்தால், உட்சுவரில் காய்ந்த களிமண் திட்டுகள் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். ஆண் குருவி ஈர மண்ணை அலகில் கொண்டுவந்து, தலைக்கவச நிலையிலேயே அதைப் பூசுகிறது. கூடு லேசாக இருப்பதால் காற்றில் அதிகம் சுழலாமலிருக்க எடை கூட்டவும், நெய்த நாரை இறுக்கவும் அது உதவும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மின்மினியைப் பொறுத்தவரை, சோதனை மிக எளிது. இருட்டும் வரையில் மரத்தடியில் உட்கார்ந்தால் போதும். நான் உட்கார்ந்த மாலைகளில் கொசுதான் கிடைத்தது.

கூடு கட்டும் முறையை அருகிலிருந்து பார்ப்பது தனிச் சுவை. ஆண் குருவி நெல் தாளின் அல்லது பனையோலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து, ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போடுகிறது. வெட்டின் நுனியைக் கவ்விக்கொண்டு ஓலையின் முனையை நோக்கிப் பறக்கிறது. பறக்கும் வேகத்திலேயே நார் கிழிந்து கையோடு வந்துவிடுகிறது. ஒரு சாணுக்குக் குறையாத அந்தப் பச்சை நாரை ஓலை நுனியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, முதலில் ஒரு வளையம் செய்கிறது. அந்த வளையத்தில் உட்கார்ந்தபடியே தன் அலகு எட்டும் தூரம்வரை முன்னும் பின்னும் பின்னிக்கொண்டு போவதால், முட்டையறையின் அளவு குருவியின் உடம்பளவுக்குப் பொருந்திவிடுகிறது. தலைக்கவச நிலையை எட்ட ஏறத்தாழ 8 நாட்களும் முழுக் கூடு முடிய 18 நாட்களும் ஆகும்; ஒரு கூட்டுக்காக 500 முறைவரை நார் எடுக்கப் பறக்கிறது. காய்ந்த நார் வளையாது என்பதால் பச்சையாக இருக்கும்போதே பின்னியாகவேண்டும். மழைக்காலத்தில், நெல்லும் புல்லும் இளசாக நிற்கும்போது கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சியும் அப்போதுதான் மலிந்திருக்கும். இவ்வளவு உழைத்தும் பெண் குருவி கலைநயத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை என்பது பின்னாளில் நடந்த ஆய்வில் தெரியவந்தது: கூட்டின் நெசவைவிட, அது எந்த மரத்தில் எந்த இடத்தில் தொங்குகிறது என்பதற்கே பெண் கூடுதல் மதிப்புத் தருகிறது. நம் ஊர்ப் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் குணத்தைவிட வீடு இருக்கும் இடத்தைக் கேட்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இப்படிப் பார்ப்பதற்கு வேண்டிய கருவி ஒரு பைனாகுலர் மட்டுமே. அதையும் வாங்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். அதன் உடம்பில் 8×42 என்று எழுதியிருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், 42 என்பது முன்கண்ணாடியின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42-இல் அது 5 மில்லிமீட்டருக்கு மேல். சட்டைப் பையில் அடங்கும் 10×25-இல் இரண்டரை மில்லிமீட்டர்தான். நடுப்பகலில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடியலிலும் அந்தியிலும், நம் கண்மணி விரிந்திருக்கும் நேரத்தில், சிறிய கருவியில் எல்லாம் இருண்டுவிடும். மடங்கு கூடக்கூடக் கையின் நடுக்கமும் பெரிதாகிறது, பார்வையில் அடங்கும் பரப்பும் குறைகிறது. 20 மடங்கு என்று தெருவோரத்தில் விற்பதை வாங்கியவர் பறவையைத் தேடிக்கொண்டே இருப்பார். எட்டு மடங்கே போதும். பைனாகுலரே இல்லாவிட்டாலும் தூக்கணாங்குருவியையும் காக்கையையும் மைனாவையும் கவனிக்கலாம். குறிப்பேடு இல்லாமல் முடியாது.

குறிப்பேட்டில் என்ன எழுதவேண்டும் என்பதில்தான் ஆர்வலரின் பதிவு பயனுள்ளதாவதும் பயனற்றுப்போவதும் தீர்மானமாகிறது. நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், நடந்த தொலைவு, அங்கே கண்ட அல்லது கேட்ட எல்லா இனங்களும் அவற்றின் எண்ணிக்கையும். இதில் 'எல்லா' என்ற சொல்லே முக்கியம். நாம் இயல்பாகச் செய்வது, காக்கையையும் புறாவையும் விட்டுவிட்டு, செங்கால் நாரையைக் கண்டால் மட்டும் எழுதுவது. அப்படி எழுதிய பட்டியலில் சிட்டுக்குருவி இல்லையென்றால், அங்கே சிட்டுக்குருவி இல்லையா, அல்லது எழுதத் தோன்றவில்லையா என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது. கண்டதையெல்லாம் எழுதிய பட்டியலில் மட்டுமே, எழுதப்படாதது காணப்படவில்லை என்று பொருள்படும். 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் தொடங்கிய, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் ஈ-பேர்ட் இணையதளம், பட்டியலை அனுப்பும்போது 'கண்ட எல்லா இனங்களையும் பதிந்தீர்களா' என்று தனியாகக் கேட்பதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பும் இதே முறையில்தான் நடக்கிறது. 15 நிமிடமாவது ஓரிடத்தில் பார்த்து, முழுப் பட்டியலை அனுப்பினால் போதும். மொட்டை மாடியில் கரும்பைக் கடித்துக்கொண்டே செய்யலாம்.

இப்படிச் சேர்ந்த பட்டியல்களிலிருந்து பெரிய முடிவுகளுக்கு எப்படிப் போகிறார்கள் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு மாவட்டத்திலிருந்து ஓராண்டில் 100 முழுப் பட்டியல்கள் வந்து, அவற்றில் 60-இல் பனங்காடை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு கழித்து 1,000 பட்டியல்கள் வந்து, 300-இல் பனங்காடை இருந்தால், மொத்தப் பதிவு 60-இலிருந்து 300-ஆகக் கூடியதாகத் தோன்றும். ஆனால் விகிதம் 60 சதவீதத்திலிருந்து 30-ஆகக் குறைந்திருக்கிறது. கூடியது பறவை அல்ல, பார்ப்பவர்கள். பட்டியலுக்கு எத்தனை என்ற இந்த விகிதத்தை அடிப்படையாக வைத்து, எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எந்தப் பருவம், எந்தப் பகுதி என்பவற்றுக்கும் திருத்தம் செய்துதான் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கைகள் தயாராகின. 2023 அறிக்கைக்கு 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் அனுப்பிய ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகள் அடிப்படை. 942 இனங்கள் அதில் மதிப்பிடப்பட்டன. நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதுமான தரவு 338 இனங்களுக்கே இருந்தது, அவற்றில் 60 சதவீதம் குறைந்துவந்திருப்பதாக அறிக்கை சொல்கிறது.

இந்த அறிக்கைகளால் நம் நெடுநாள் நம்பிக்கை ஒன்றும் ஆட்டம் கண்டது. செல்பேசிக் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று பள்ளி மேடைகளில் பேசப்படுவதை நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். 2020-இல் வந்த முதல் அறிக்கையின்படி, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது சிட்டுக்குருவி 25 ஆண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மட்டும் படிப்படியாகக் குறைந்து வந்திருக்கிறது. நகரத்தில் வாழ்பவர்கள் தங்கள் வீட்டில் காணாமற்போனதை நாடு முழுவதும் காணாமற்போனதாக எண்ணிக்கொண்டார்கள். இதை எழுதும்போது நகரவாசிகளைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. தன் ஜன்னல் வழியே பார்ப்பதைத்தான் யாரும் பார்க்கமுடியும். ஆயிரம் ஜன்னல்களின் குறிப்புகள் ஒரே முறையில் எழுதப்பட்டு ஓரிடத்தில் சேர்ந்தால்தான் ஒரு ஜன்னலின் பிழை தெரியும்.

நீண்ட பதிவு இருந்தால்தான் வழக்கத்துக்கு மாறான ஆண்டு வழக்கத்துக்கு மாறானது என்று தெரியும் என்பதற்குச் சென்னைக் கடற்கரை சான்று. 1970-களில் தொடங்கி, 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்றால் தொடரப்படும் ஆமை நடையில், ஜனவரி முதல் இரவுதோறும் தன்னார்வலர்கள் மணலில் பங்குனி ஆமையின் தடத்தைத் தேடி நடக்கிறார்கள். நாய்க்கும் மனிதருக்கும் தப்பாத இடத்தில் இருக்கும் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். நடக்கும்போதே கரையொதுங்கிய இறந்த ஆமைகளையும் எண்ணுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அது எவ்வளவு பெரிய பிறழ்வு என்பதை உடனே சொல்ல முடிந்ததற்கு ஆண்டுதோறும் நடந்தவர்களின் கணக்கும் காரணம். கடலாமை நுரையீரலால் மூச்சு விடுவது. வலையில் சிக்கி மேலே வரமுடியாமல் போனால் மூழ்கி இறக்கும். அந்தச் செய்தியைவிட, அதற்கு முந்தைய சாதாரண ஆண்டுகளில் இரவு இரண்டு மணிக்குக் கால் மணலில் புதைய நடந்து 'இன்று ஒன்றும் இல்லை' என்று எழுதியவர்களை நான் அதிகம் நினைப்பதுண்டு.

என் குறிப்பேட்டில் பிழைகளும் உண்டு. முதல் 2 ஆண்டுகளில், கிணற்றோரத்துப் பனையில் 'சிட்டுக்குருவி, பெண்' என்று பலமுறை எழுதியிருக்கிறேன். கூடு கட்டும் பருவத்தில் ஆண் தூக்கணாங்குருவிக்கு உச்சந்தலை மஞ்சளாகவும் முகம் கரும்பழுப்பாகவும் இருப்பதால் யாரும் தவறவிடமாட்டார்கள். பெண்ணும், பருவம் கழிந்த ஆணும் பார்வைக்குப் பெண் சிட்டுக்குருவியைப் போலவே இருக்கும். அலகு சற்றுத் தடித்துக் கூம்பாக இருப்பதையும், வால் குட்டையாக இருப்பதையும், புருவப்பட்டையில் மங்கிய மஞ்சள் சாயல் இருப்பதையும் கண்டுகொள்ள எனக்கு அவ்வளவு நாள் பிடித்தது. பழைய பக்கங்களை நான் அடிக்கவில்லை. ஓரத்தில் பின்குறிப்பு மட்டும் எழுதினேன். அழித்துவிட்டால், எந்த நாள்வரை என் கண்ணை நம்பக்கூடாது என்பது பிறகு எனக்கே தெரியாமற்போகும்.

நெருங்கிப் பார்ப்பதற்கு ஓர் எல்லையும் உண்டு. அடைகாக்கும் நாட்களில் கூட்டுக்குக் கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் பெண் குருவி உள்ளே வரத் தயங்கும். 2 முதல் 4 வரையிலான முட்டைகள் குளிர்ந்துபோகும். காக்கை மனிதரைப் பார்த்தே கூட்டின் இடத்தைத் தெரிந்துகொள்ளும். படத்துக்கு மறைக்கிறது என்று ஓலையை வளைத்துக் கட்டுபவர்களையும், பதிவுசெய்த குரலைச் செல்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பதையும் கூட்டைக் கலைப்பதையும் தடுக்கிறது. பருவம் முடிந்து காலியாகத் தொங்கும் கூட்டையும் விட்டுவைப்பது நல்லது, வெண்தொண்டைச் சில்லைகள் அதில் இரவு தங்கும், சிலசமயம் முட்டையும் இடும்.

அந்தப் பனைமரத்தடியில் நான் முதன்முதலாக நின்றபோது, வரப்பில் வந்த பெரியவர் ஒருவர் பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "யாருப்பா நீங்க, நெலம் அளக்க வந்தீங்களா?" என்று கேட்டார். பறவை பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானது.

"இல்லீங்க ஐயா, குருவிக் கூடு பாக்குறேன்."

"கூடா? இதுக்கா இம்மாந்தூரம் வந்தே?" என்றவர், சற்று நேரம் நின்று தானும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கெணத்துல தண்ணி நின்னாத்தான் கட்டும். வத்திப்போன வருசம் வராது" என்றார்.

கிணற்றுக்கும் தண்ணீருக்கும் மேலே கட்டுவது இந்தக் குருவியின் வழக்கம் என்பது எல்லோரும் அறிந்தது. கீழே தண்ணீர் இருந்தால் ஏறிவரும் விலங்குகள் குறையும். ஆனால் தண்ணீர் வற்றினால் இடத்தையே கைவிடும் என்பது வேறு கூற்று, சோதிக்கத்தக்கது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கூடுகளை எண்ணும்போது, கிணற்றின் உட்சுவரில் தண்ணீருக்கு மேலே தெரியும் செங்கல் வரிசைகளையும் எண்ணி எழுதினேன். மழை பொய்த்த ஓர் ஆண்டில் கிணறு அடிவரை வற்றியது. மரத்தில் ஒரு கூடும் இல்லை. பெரியவர் சொன்னது சரிதான் என்று அன்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பக்கத்தைப் புரட்டியபோதுதான் இடறியது. தண்ணீர் இல்லாததால் அந்த ஆண்டு சுற்றிலும் நெல்லே நடவில்லை; கிழிக்கப் பச்சைத் தாளும் இல்லை, குஞ்சுக்குப் பூச்சியும் குறைவு. கூடு வராததற்குக் கிணறு காரணமா, வயல் காரணமா என்று அந்த ஒரு மரத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. வேண்டியது, கிணறு வற்றியிருந்தும் ஆழ்துளைக் குழாய் நீரில் நெல் விளையும் இடத்தில் ஒரு பனைமரம்.

அப்படி ஓரிடம் 2 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகக் கேள்விப்பட்டு, சென்ற ஆவணியில் பெரியவரிடம் வழி கேட்டேன். அவர் கையை நீட்டித் திசையைக் காட்டிவிட்டு, "கெணறு வத்துனப்புறம் அந்தப் பனையையே வெட்டி வித்துட்டாங்களேப்பா" என்றார். போய்ப் பார்த்தேன். நெல் பச்சைப் பசேலென்று நின்றது. கிணற்றோரத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. காலை 7.10 முதல் 7.40 வரை அங்கே நின்றுவிட்டு, கண்டவற்றையெல்லாம் எழுதி, கடைசி வரியில் 'மரம் இல்லை, கூடு 0' என்று குறித்துக்கொண்டேன்.